முந்நூறாவது டப்பா

மதுரையில் எதையும் யாருக்கும் தெரியாமல் தேட முடியாது. இதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன். என் அக்கா மங்களம் மூன்றாம் நாள்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

நாங்கள் பினாங்கிலிருந்து வந்தது கண் ஆபரேஷனுக்காக. கண் அழுத்த நோயில் அக்காவின் வலது கண் இரண்டு வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், ஓரமெல்லாம் இருட்டு. திங்கட்கிழமை பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். "போன பார்வை வராதுங்க. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இந்த ஆபரேஷன். அபூர்வமா சில பேருக்கு இருக்கிறதும் போயிடுது. அதையும் நான் சொல்லியாகணும்." ஆபரேஷன் வெள்ளிக்கிழமை காலை. வியாழன் மாலை ஐந்து மணிக்குள் வந்து படுக்கையில் சேர்ந்துவிட வேண்டும்.

இடையில் மூன்று நாள். வேறு யாராக இருந்தாலும் மீனாட்சி சன்னிதியில் போய் நின்றிருப்பார்கள், இல்லாவிட்டால் அறையில் படுத்து அழுதிருப்பார்கள். அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே கைபேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சரோ, மதுரையைச் சுத்தி மூணு டப்பா இருக்குடி" என்றாள்.

டப்பா என்பது ஜியோகேச்சிங் டப்பா. யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவைப் பழைய கோட்டை, பாலம், குளம் மாதிரி ஓர் இடத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைபேசிச் செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. பரிசு கிடையாது, பணம் கிடையாது. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தி இதற்காகப் புதர் புதராகத் தலையை விடுகிறாள் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? இதுவரை இருநூற்றுத் தொண்ணூற்றேழு கண்டுபிடித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு ஆக வேண்டும். அவ்வளவுதான், மறுபேச்சே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி வந்தது. ஓட்டுநர் பாண்டி, பழங்காநத்தத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். எங்கே போகணும் என்று கேட்பதற்கு முன்பே சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்று சொன்னது என் தப்பு. நேராக ஒரு கடைக்குக் கொண்டுபோய்ப் பன் பரோட்டாவுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் காற்றில் பறக்கிற மாதிரி இருக்கும். இது தலையணை மாதிரி இருந்தது. காலை எட்டு மணிக்கு அதன் மேல் சால்னாவை ஊற்றி, "ஒண்ணு எப்படிக்கா பத்தும்?" என்று இன்னொன்றையும் வைக்கச் சொன்னார். அன்று முழுவதும் நான் குனியவே முடியவில்லை. தேடுவதோ குனிந்து தேட வேண்டிய பொருள்.

முதல் டப்பா தெப்பக்குளத்தின் கம்பி வேலியில் எங்கோ காந்தத்தில் ஒட்டியிருந்தது. விரல் அளவுதான் இருக்குமாம். பினாங்கில் ஒருவர் வேலியோரம் குனிந்து தடவிக்கொண்டிருந்தால் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவார்கள். இங்கே அக்கா இரண்டு கம்பியைத் தடவுவதற்குள் பருத்திப்பால் விற்பவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். "என்னம்மா தேடுறீங்க?"

அக்கா உதட்டில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பாண்டியால் முடியவில்லை. விளக்கிச் சொல்ல நேரமாகும் என்று நினைத்தாரோ என்னவோ, "அக்காவோட கம்மல் விழுந்துருச்சுண்ணே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அதோடு தீர்ந்தது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நடையை விட்டார்கள். ஒரு பெரியவர் கைத்தடியால் புல்லை விலக்கினார். ஒரு பெண், "வெத்தலையில மை போட்டுப் பாக்குறவரு ஒருத்தரு இருக்காரு, நம்பர் தரவா?" என்று கேட்டாள். கல் வச்ச கம்மலா, தொங்கட்டானா, எத்தனை கிராம் என்று ஆளாளுக்கு விசாரணை. "கழுத்துல கெடக்குறதையாவது பத்திரமாப் பாத்துக்கங்க தாயி" என்று எனக்கு அறிவுரை வேறு. பத்தே நிமிடத்தில், நம்ப மாட்டீர்கள், ஒரு கம்மலைக் கண்டுபிடித்தே விட்டார்கள். கறுத்துப்போன கவரிங் கம்மல், யார் எப்போது தொலைத்ததோ. "இந்தாங்க" என்று நீட்டினார்கள். இது என்னுடையதில்லை என்று அக்கா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதிர்ச்சியில் அடையாளம் தெரியவில்லையாம்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் அக்காவின் விரல்கள் வேலியின் அடிக்கம்பியில் அந்தக் காந்தக் குப்பியைத் தொட்டன. முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு தாளை விரித்து எழுதினாள். பருத்திப்பால்காரர் எட்டிப் பார்த்து, "கம்மல் கெடச்சதுக்கு ரசீதாம்மா?" என்றார். நான் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கம்மலை அக்கா அவரிடமே கொடுத்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னாளாம். அதற்கு நன்றியாக ஆளுக்கு ஒரு தம்ளர் பருத்திப்பால் வந்தது. சுக்கும் கருப்பட்டியும் மணக்க நன்றாகவே இருந்தது, எரிச்சலில் எனக்குத்தான் இறங்கவில்லை.

புதன்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலை. அங்கே டப்பா மலைமேல் இல்லை, தொல்லியல் துறை காக்கும் நினைவுச் சின்னத்தில் வைக்கக் கூடாது என்று விதி. கீழே சாலையோரம்தான் இருந்தது. ஆனால் அதை ஒளித்து வைத்த புண்ணியவான், மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களை எண்ணினால்தான் இடத்தின் கடைசி எண் கிடைக்கும் என்று எழுதி வைத்திருந்தான். அக்காவால் படியின் ஓரம் எங்கே முடிகிறது என்று பார்க்க முடியாது. பாறையில் வெட்டிய படி, ஏப்ரல் வெயில், ஒவ்வொரு படிக்கும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நான் ஏறி எண்ணிட்டு வந்து சொல்றேன். நீ கீழே ஆலமரத்தடியில உக்காரு" என்றேன்.

"நீ எண்ணினா நீ கண்டுபிடிச்சது. நான் எண்ணணும்."

மேலே போய் நான் ஓர் எண் சொன்னேன். அங்கே காவலுக்கு இருந்தவர் இன்னோர் எண் சொன்னார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் மதிக்கவில்லை. ஒவ்வொரு சிற்பத்தின் முன்னும் முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய், தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பி, முகம் முகமாகப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆனது. நான் வியர்த்து வழிந்துகொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்ன எண்தான் சரியாக இருந்தது. நான் பாறையின் வளைவில் இருந்த ஒன்றை விட்டுவிட்டிருந்தேன். இரண்டு கண்ணும் ஒழுங்காக இருப்பவள் நான்.

இறங்கும்போது கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்தாள். முழங்காலில் ரத்தம். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அய்யனார் கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காகக் காலை உடைச்சுக்கிட்டு ஆபரேஷனுக்குப் போகப் போறியா? உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?"

அக்கா முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டினாள். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எனக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு அந்த டாக்டருக்கே தெரியல. என் கண்ணால முந்நூறு பாத்துட்டேன்னு ஒரு கணக்கு எனக்கு வேணும் சரோ. அது என்ன உனக்கு இவ்வளவு எரிச்சல்?"

எரிச்சல் இல்லை, பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போய்ச் சாலையோரக் கல்லுக்கு அடியில் அவள் டப்பாவை எடுக்கும்வரை குடை பிடித்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

திரும்பி வரும் வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. பாண்டி யாருக்கோ போன் போட்டு, "மாப்ள, எங்கடா இருக்க? வா, ரெண்டு அக்காமாரு இருக்காங்க" என்றார். மாப்பிள்ளை வந்தார், வாழை இலைக் கட்டு ஏற்றிய, குட்டியானை என்கிற சின்ன லாரியில். ஓட்டுநருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து மதுரைக்கு வந்து சேர்ந்தோம். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த அக்கா வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை. கடைசி டப்பா சமயநல்லூரைத் தாண்டி அலங்காநல்லூர்ப் பக்கம் போகும் கிளைச் சாலையில், ஒரு பழைய கல் மண்டபத்தில். ராணி மங்கம்மாள் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப் போகக் கட்டியது என்றார்கள். பதினாறு தூண், ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் டீக்கடை. காலை பத்து மணிக்குப் போய்விட்டோம். செயலியில் சொன்ன இடத்தில், மண்டபத்தின் பின்சுவர் பொந்தில், டப்பா இல்லை. ஒரு மணி நேரம் தேடியும் இல்லை.

இந்த முறை நானே பாண்டியை அனுப்பி டீக்கடையில் கேட்கச் சொன்னேன். ரகசியமாவது மண்ணாவது. டீக்கடைக்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பச்சை மூடி போட்ட டப்பாவா? உள்ள ஒரு நோட்டு இருக்குமே? அது மண்டபத்துக் கருப்பு காலடியில இருக்கு."

மண்டபத்தின் ஒரு மூலையில் அரிவாளோடு கருப்பசாமி இருந்தார். போன வருடம் கோயில் கொடைத் திருவிழாவுக்காக மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியபோது டப்பா கிடைத்திருக்கிறது. திறந்து பார்த்தால், பெயர் பெயராக எழுதிய நோட்டு. வெள்ளைக்காரப் பெயர்கூட இருந்ததாம். எங்கிருந்தோ வந்து இத்தனை பேர் சாமிக்கு வேண்டுதல் எழுதி வைத்துப் போயிருக்கிறார்கள், நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று டப்பாவைத் தூக்கிச் சாமி காலடியில் வைத்துவிட்டார்கள். அவர்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் பத்துப் பெயருக்குக் கீழே, மகனுக்கு வேலை வேண்டும், போர் போட்டால் தண்ணீர் வர வேண்டும், மருமகள் திரும்பி வர வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போனது.

"எடுத்துக் குடுங்க, பேரை எழுதிட்டுத் தந்துடறோம்" என்றேன்.

"யாத்தே! சாமி காலடியில வச்சதை நாம எடுக்க முடியுமா? பூசாரி வந்து உத்தரவு கேக்கணும்."

பூசாரி நெல் அறுக்கிற மிஷினோடு வயலில் இருந்தார். வந்து சேரப் பதினொன்றரை. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. டீக்கடைப் பெண்ணின் மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு.

தலையில் அடித்துக்கொண்டேன். பூசாரி அசரவில்லை. "உச்சி வெயில்ல சாமி கொஞ்சம் முறைப்பாத்தேன் இருக்கும். சாப்புட்டு வாங்க, மறுக்காக் கேப்போம்." ஏழு கடல் தாண்டி வந்தவளை ஒரு பொட்டலப் பூ உட்கார்த்தி வைத்துவிட்டது. டீக்கடையிலேயே சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு, அப்பளம், கேட்காமலேயே இரண்டாவது முறை சோறு. சாப்பிடும்போதுதான் பாண்டி எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கம்மல் கதையை இல்லை, உண்மையை. கண், நாளைய ஆபரேஷன், முந்நூறு.

இரண்டரை மணிக்குப் பூ வெள்ளையாக வந்தது. கருப்பசாமிக்கே பாவமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பூசாரி டப்பாவை எடுத்து நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை.

"இது நான் தேடிக் கண்டுபிடிச்சது இல்லையேங்க. நீங்க எடுத்துத் தர்றீங்க. கணக்குல வராது."

நான் என்ன நிலையில் இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஆனால் பூசாரிக்கு அது சட்டென்று புரிந்தது. "அம்புட்டுத்தேன? நான் ஒளிச்சு வைக்கிறேன், நீங்க தேடுங்க. சாமி டப்பா மண்டபத்தைத் தாண்டாம இருந்தாப் போதும்." அக்காவைச் சாலைப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். மூன்றாவது வரிசையில், மீன் செதுக்கிய தூணுக்கும் அதன் மேல் சாய்ந்திருந்த உடைந்த கல்லுக்கும் இடையில் டப்பாவைச் செருகினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். பூசாரி அவர்களைப் பார்த்து, "ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. இது சாமி உத்தரவு" என்றார்.

அக்கா தேடத் தொடங்கினாள். ஒவ்வொரு தூணாக, நேற்று சிற்பங்களைப் பார்த்த மாதிரி, முகத்தை அருகில் கொண்டுபோய். மேலிருந்து கீழ், பிறகு அடுத்த பக்கம். மதுரைக்கு வந்ததிலிருந்து நான் இப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. கம்மல் தேடிக் கொடுத்த ஊர், வழி கேட்டால் கூடவே வந்து விட்டுவிட்டுப் போகிற ஊர், முப்பது பேரும் வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். ஒரு பெரியவர், பார்த்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மீன் தூணுக்கு வந்தாள். டப்பா அவளுக்கு வலது பக்கம் இருந்தது, போய்விட்ட கண்ணின் பக்கம். எந்தக் கண் என்று பூசாரிக்குத் தெரியாது. அவள் கை கல்லின் விளிம்பில் ஊர்ந்தது, பச்சை மூடிக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றது, திரும்பிப் போனது. அடுத்த தூணுக்கு நகர்ந்தாள். மறுபடியும் வந்தாள். மறுபடியும் அதே இரண்டு விரல். முகத்தைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. நாளைக்குப் பிறகு எல்லாமே இவளுக்கு இப்படித்தான் இரண்டு விரல் தூரத்தில் நின்றுவிடுமோ?

"வலது பக்கம் அக்கா! வலது பக்கம்!"

கத்தியது நான்தான்.

முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடைப் பெண் நெஞ்சில் கை வைத்தாள். "நாங்க இம்புட்டுப் பேரும் வாயைக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். கூடப் பொறந்தவளுக்குப் பொறுக்கலையே!"

அக்கா வலது பக்கம் கையை நீட்டி டப்பாவை எடுத்தாள். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் பூசாரியிடம் திருப்பிக் கொடுத்தாள். "சாமி காலடியிலேயே வச்சிடுங்க." அவர், "மறுக்கா ஒளிக்கட்டுமா தாயி?" என்று கேட்டார். பாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு.

வண்டியில் நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், நீ பேர் எழுதியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று கோபித்துக்கொண்டேன், மறுபடியும் அழுதேன். சமயநல்லூர் வந்தது, ரயில்வே கேட் மூடியிருந்தது, திறந்தது. அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று நாளில் வெள்ளிக்கிழமைக்கு அப்பால் என்ன என்று அவள் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்ததில்லை. எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும் என்றுதான் ஓடினாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனையில்தான் வாயைத் திறந்தாள். என்னிடம் இல்லை.

"பாண்டி, கட்டுப் பிரிச்சு, வெளியே போகலாம்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே நாம திரும்ப அங்க போகணும்."

"போவோம்க்கா. நான் வாரேன்."

"பூசாரிக்குப் போன் போட்டு இப்பவே சொல்லிடு. வேற தூணா பாத்து ஒளிச்சு வைக்கட்டும். இந்தத் தூண் இவளுக்குத் தெரிஞ்சு போச்சு."